இதைச் சொன்னது யார்?

2013 ஜூலையில், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில், நான் எழுதிக் கொடுத்த முதல் கட்டுரை திருத்தப்பட்டு வந்தது. இரண்டே பக்கம். பாதிக்கு மேல் சிவப்பும் நீலமும் பச்சையுமாக இருந்தது. ஒவ்வொரு நிறமும் ஒரு புத்தகம் அல்லது ஓர் இணையப் பக்கம். எந்த வரி எங்கிருந்து வந்தது என்று மென்பொருளே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டது. ஓரத்தில் ஆசிரியை பென்சிலால் மூன்று இடத்தில் ஒரே கேள்வியை எழுதியிருந்தார்: இதைச் சொன்னது யார்?

திருட வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. திண்டிவனத்தை அடுத்த ஒலக்கூர் பக்கத்துக் கிராமத்தில் தமிழ்வழியில் படித்தவன் நான். நம் பக்கத்தில் நல்ல மாணவன் என்றால் நோட்ஸில் உள்ளதை ஓர் எழுத்துப் பிசகாமல் விடைத்தாளில் இறக்குகிறவன். அப்படி எழுதித்தான் மார்க் வாங்கினேன், பரிசும் வாங்கினேன். பெரியவர்கள் சொன்னதை மாற்றாமல் எழுதுவதுதான் அவர்களுக்குச் செய்கிற மரியாதை என்று நம்பியிருந்தேன். அங்கே அதற்குப் பெயர் வேறு.

நான் உட்கார்ந்திருந்தது முதுகலை வகுப்பில் இல்லை. அது செப்டம்பர் கடைசியில்தான் தொடங்கும். அதற்கு முன்னால் பத்து வாரம் ‘ப்ரீ-செஷனல்’ என்ற ஆங்கிலப் படிப்பு. வெளிநாட்டு மாணவருக்குப் பல்கலைக்கழகங்களே நடத்துவது. பாட வகுப்பு தொடங்குவதற்கு முன் கோடை மாதங்களில் நடக்கும். மாணவரின் மதிப்பெண்ணைப் பொறுத்து நான்கு வாரமும் இருக்கும், இருபது வாரமும் இருக்கும். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் 6.5 கேட்டார்கள். நான் வாங்கியது 6. எழுத்தில் மட்டும் 5.5. அதனால் நிபந்தனையோடு இடம் கொடுத்தார்கள்: இந்தப் பத்து வாரத்தை முடித்துத் தேறினால் உள்ளே வரலாம்.

விழுப்புரத்தில் எனக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவர், “அது ஃபெயில் ஆனவங்க போற கோர்ஸ் தம்பி, ஊர்ல சொல்லிக்காதீங்க” என்றார். நானும் சொல்லவில்லை. நிலத்தை அடகு வைத்த அப்பாவிடம்கூட, “காலேஜ் சீக்கிரம் தொறக்குறாங்கப்பா” என்றுதான் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்த வெட்கம் எவ்வளவு தவறானது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஐ.இ.எல்.டி.எஸ். 1989-இல் வந்த தேர்வு. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதி. ஒன்பது வரை மதிப்பெண். எழுத்துத் தேர்வு ஒரு மணி நேரம். ஒரு வரைபடத்தை 150 சொல்லில் விளக்க வேண்டும். ஒரு கருத்தைப் பற்றி 250 சொல்லில் எழுத வேண்டும். பேச்சுக்குப் பதினான்கு நிமிடத்துக்கு மேல் கிடையாது. இதில் தெரிவது உங்கள் ஆங்கிலம் மட்டும்தான். ஒரு நூலகத்தில் முப்பது கட்டுரையைப் படித்து, ஒன்றோடொன்று மோதவிட்டு, நாலாயிரம் சொல்லில் உங்கள் முடிவை எழுத முடியுமா என்பது இதில் தெரியாது. ப்ரீ-செஷனல் சொல்லிக் கொடுப்பது அதைத்தான். ஏழு வாங்கித் தேறி நேராக முதுகலை வகுப்புக்கு வந்த நண்பர்கள் சிலர் முதல் பருவத்திலேயே திணறினார்கள். நாங்கள் திணற வேண்டியதை, முதுகலை மதிப்பெண்ணில் சேராத கோடையிலேயே திணறி முடித்திருந்தோம்.

அந்த வண்ணக் கட்டுரைக்கு வருகிறேன். தலைப்பு, மகளிர் சுய உதவிக் குழுக்கள். தமிழ்நாட்டில் 1989-இல் தருமபுரியில் தொடங்கியதிலிருந்து எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். மறுநாள் ஆசிரியை தன் அறைக்குக் கூப்பிட்டார். திட்டவில்லை. “உங்கள் அம்மா குழுவில் இருக்கிறாரா?” என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். “அங்கே நீங்கள் என்ன பார்த்தீர்கள்?” என்றார்.

நான் சொன்னேன். திங்கட்கிழமை சாயங்காலம் கோயில் திண்ணையில் கூடுவார்கள். ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் போட்டுக் கட்டுவார்கள். மறுநாள் பேச்சு இருக்காது. அம்மா குழுக் கடன் வாங்கி வட்டிக்காரர் கடனை அடைத்தார். பக்கத்து வீட்டு அக்கா குழுக் கடனைக் கட்டவே வட்டிக்காரரிடம் போனார். ஆசிரியை எழுதிக்கொண்டே கேட்டுவிட்டு, “இது ஏன் உங்கள் கட்டுரையில் இல்லை?” என்றார். இதெல்லாம் எழுதத் தகுந்த விஷயம் என்று அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை.

பிறகு ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டோம். ‘குழுக் கடன் வறுமையை ஒழித்தது’ என்று நான் எழுதியிருந்தேன். எந்த வறுமை, எந்த ஊரில், எத்தனை பேருக்கு என்று கேட்டுக்கொண்டே போனார். ஒரு மணி நேரம் கழித்து அது இப்படி மாறியிருந்தது: ‘குழுக் கடன் சில குடும்பங்களில் கந்துவட்டியைக் குறைத்திருக்கக்கூடும், வேறு சிலவற்றில் கூட்டியிருக்கவும் கூடும்.’ அந்தச் ‘சில’, ‘கூடும்’ என்ற சொற்கள் பயத்தில் வருவதில்லை, தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்வதற்காக வருகின்றன. அதன் பிறகு, இதற்கு ஒத்துப்போகிற ஆய்வாளர் யார், மறுக்கிறவர் யார், எந்த ஆண்டு, எந்தப் பக்கம். அன்றைக்குத்தான் நான் எழுதியது என்னுடைய பத்தியாக எனக்குத் தெரிந்தது.

ஊருக்குத் திரும்பிய பிறகு தொல்காப்பியத்தை மறுபடி புரட்டினேன். ‘என்ப’, ‘என்மனார்’ என்று எத்தனை இடத்தில் வருகிறது! இது நானாகச் சொன்னதல்ல, எனக்கு முன்னால் புலவர்கள் சொன்னது என்று தொல்காப்பியர் திரும்பத் திரும்பப் பதிவு செய்கிறார். உரையாசிரியர்களோ முன்னவர் கருத்தை எடுத்து வைத்து, காரணம் காட்டி மறுக்கிறார்கள். ஷெஃபீல்டில் எனக்குப் புதிதாகத் தெரிந்தது நம் இலக்கணத்திலேயே இருந்த பழக்கம். நடுவில் நாம்தான் அதை விட்டுவிட்டு நோட்ஸைப் பிடித்துக்கொண்டோம்.

மொழி படிப்பதில் வெட்கம் இல்லை என்பதற்கு இன்னொரு செய்தி. திண்டிவனத்துக்கு அந்தக் காலத்தில் வந்த அமெரிக்க ஆற்காடு மிஷன்காரர்கள், வேலை தொடங்குமுன் முன்ஷி (மொழி ஆசிரியர்) வைத்துத் தமிழ் படித்தார்கள். வந்த ஊரின் மொழியை உட்கார்ந்து படித்த அவர்களைத் தேறாதவர்கள் என்று யார் சொன்னார்கள்? இன்றும் ஹைதராபாத்தில் உள்ள ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகத்துக்குப் பல நாட்டுக்காரர்கள் ஆங்கிலம் படிக்க வருகிறார்கள். வேறு மொழியில் உயர்கல்விக்குப் போகிறவர் செய்ய வேண்டிய ஆயத்தம் அது, அவ்வளவுதான்.

இப்போது விழுப்புரத்தில் ஞாயிறுதோறும் பத்துப் பன்னிரண்டு பேருக்கு வகுப்பு எடுக்கிறேன். மயிலம், விக்கிரவாண்டி, செஞ்சி பக்கத்துப் பிள்ளைகள். வரைபடப் பயிற்சிக்கு வெளிநாட்டுப் புத்தகத்தைத் தேடுவதில்லை. மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டை விலையை ஒரு வாரம் குறித்து வரச் சொல்வேன். அதைக் கோடாக வரைந்து, எந்த நாள் ஏறியது, எந்த நாள் இறங்கியது, வரத்து அதிகமானதால் இறங்கியிருக்குமா என்று முதலில் தமிழில் எழுத வேண்டும். பிறகு ஆங்கிலத்தில். தமிழில் ‘இருக்கக்கூடும்’ என்று நிதானித்து எழுதத் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஒரு மாதம் போதும். போன மாதம் ஒரு மாணவி கேட்டாள்: “சார், அப்பா சொன்ன காரணத்தை எழுதினா, அப்பா பேரையும் போடணுமா?” போட வேண்டும் என்றேன். போட்டாள்.

செலவு பெரிது என்பதை மறைக்க மாட்டேன். ஐ.இ.எல்.டி.எஸ். ஒருமுறை எழுதவே 17,000 ரூபாய்க்குக் குறையாது. மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும். அரைப் புள்ளிக்காக மூன்று முறை, நான்கு முறை எழுதிப் பணத்தை விடுகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்களுக்குச் சொல்வது இதுதான்: ஒருமுறை எழுதுங்கள், குறைந்தால், ப்ரீ-செஷனலோடு இடம் தருவீர்களா என்று பல்கலைக்கழகத்துக்கே நேராக மின்னஞ்சல் போடுங்கள். கட்டணம் எவ்வளவு, விசா இரண்டு படிப்புக்கும் சேர்த்துக் கிடைக்குமா, தேறாவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். பிரிட்டனில் இந்தப் படிப்புகளை மதிப்பிட்டு அங்கீகரிக்கிற பேலீப் என்ற ஆசிரியர் அமைப்பு 1972-இலிருந்து இருக்கிறது. அதன் அங்கீகாரம் உண்டா என்றும் பாருங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகை இருக்கிறது. அரசு நிறுவனமான தாட்கோ மூலம் இலவச ஆங்கிலத் தேர்வுப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். இடைத்தரகரிடம் போகுமுன் கலெக்டர் ஆபீஸில் விசாரியுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையைப் பல்கலைக்கழகம் பத்து வாரம் முன்னதாக வந்து ஆங்கிலம் படிக்கச் சொன்னால் தலை குனியாதீர்கள். அக்கம்பக்கத்தில் தாராளமாகச் சொல்லுங்கள். என் அப்பாவிடம் நான் உண்மையைச் சொன்னது ஊர் திரும்பிய பிறகுதான். “இதுக்கா மறைச்ச? படிக்கத்தானே போன” என்றார்.