மலைச் சாலையும் மதுவும் இன்ஷ்யூரன்ஸும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைச் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏறும்போது இவற்றை எண்ணிக்கொண்டு போகும் குழந்தைகளுக்கு அது ஒரு வேடிக்கை. இறங்கும்போது வண்டியோட்டுகிறவனுக்கு அது வேடிக்கையன்று. ஒரு புறம் பாறை, மறு புறம் பள்ளம். எதிரே ஏறிவரும் வண்டிக்கே வழிவிட வேண்டுமென்பது சாலை விதி. கீழ்க் கியரில், பிரேக்கைச் சூடேற விடாமல், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒலி கொடுத்து இறங்க வேண்டும். 2024-ம் வருஷம் ஏப்ரல் 30-ந் தேதி ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பஸ் ஒன்று இந்தச் சாலையில் கவிழ்ந்து பல உயிர்கள் பலியாயின. அதற்கு மது காரணமென்று நாம் சொல்லவில்லை. தெளிந்த கண்ணும் தெளிந்த புத்தியும் உள்ளவர்களுக்கே இச்சாலை எத்தகையது என்பதைக் காட்டவே அதைக் குறிப்பிடுகிறோம். அப்படிப்பட்ட சாலையில், விடுமுறை நாள் முழுவதும் மலைமேல் களித்துவிட்டு, அந்தி வேளையில் குடித்த நிலையில் காரை இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது சேர்வராயன் மலைவாசிகளுக்குத் தெரியாத ரகசியமல்ல.

அத்தகைய ஒருவர் அடிவாரத்தில் போலீஸாரிடம் பிடிபடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயச் சத்து இருந்தால் 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுப்படி அது குற்றம். 2019-ம் வருஷத் திருத்தத்திற்குப் பின் முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை குற்றம் செய்தால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 15,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸும் சில காலம் நிறுத்தி வைக்கப்படலாம். நமது நண்பர் அபராதத்தைக் கட்டிவிட்டு வீடு திரும்புகிறார். அடுத்த வருஷம் கார் இன்ஷ்யூரன்ஸைப் புதுப்பிக்கும் நாள் வருகிறது. அன்று அவருக்கு என்ன நேரும்? இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட கேள்வி.

அமெரிக்காவாயிருந்தால் அவர் பாடு திண்டாட்டந்தான். அங்கே பல ராஜ்யங்களில், குடித்து வண்டியோட்டித் தண்டனை பெற்றவர் மறுபடியும் வண்டியோட்ட வேண்டுமானால், தாம் இன்ஷ்யூரன்ஸ் செய்திருப்பதாக 'எஸ்.ஆர்.22' என்னும் அத்தாட்சிப் பத்திரத்தைத் தமது கம்பெனியின் மூலம் சர்க்காருக்குச் சமர்ப்பிக்க வேண்டும். பெரும்பாலும் மூன்று வருஷ காலம் இது தொடர்கிறது. இடையில் பாலிஸி காலாவதியானால் கம்பெனியே சர்க்காருக்குத் தகவல் கொடுத்துவிடும், லைசென்ஸ் போய்விடும். ஆபத்து மிகுந்தவர் என்ற வகுப்பில் அவரைச் சேர்த்துப் பிரீமியத்தையும் உயர்த்திவிடுகிறார்கள். சில கம்பெனிகள் அவரை ஏற்கவே மறுத்துவிடுவதால், அத்தகையவர்களுக்கென்றே வியாபாரம் நடத்தும் கம்பெனிகளைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. இங்கிலாந்திலோ, இக்குற்றத்தின் குறிப்பு லைசென்ஸ் பதிவில் பதினொரு வருஷம் நிற்கிறது. ஐந்து வருஷம் வரையில், கம்பெனி கேட்டால் அதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

நம் நாட்டில் என்ன நடக்கிறது? ஒன்றும் நடப்பதில்லை என்றே சொல்லிவிடலாம். மூன்றாம் நபருக்கு நேரும் நஷ்டத்துக்கான கட்டாய இன்ஷ்யூரன்ஸின் விகிதத்தை நிர்ணயிப்பது சர்க்கார். 2022 ஜூன் 1-ந் தேதி அமலுக்கு வந்த விகிதப்படி, 1000 ஸி.ஸி.க்கு உட்பட்ட சொந்தக் காருக்கு 2,094 ரூபாய், 1500 ஸி.ஸி. வரை 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய். இவ்விகிதம் இயந்திரத்தின் அளவைப் பார்க்கிறதேயன்றி, அதை ஓட்டுகிற மனிதரைப் பார்ப்பதில்லை. வாழ்நாளில் மதுவைத் தொடாத பள்ளிக்கூட உபாத்தியாயரும், இரண்டு முறை தண்டனையடைந்த கனவானும் ஒரே அளவுள்ள கார் வைத்திருந்தால் ஒரே தொகையைத்தான் கட்டுகிறார்கள். சொந்த வண்டியின் சேதத்துக்கான பகுதியில் மட்டுமே கம்பெனிக்குப் பிரீமியத்தைக் கூட்டவும் குறைக்கவும் சுதந்திரம் உண்டு. ஆனால் அங்கேயும் நஷ்ட ஈடு கேட்காத வருஷங்களுக்காக 20 சதவிகிதத்தில் ஆரம்பித்து 50 சதவிகிதம் வரையில் ஏறும் தள்ளுபடியானது, கோர்ட்டுத் தண்டனையால் மட்டும் குறைவதில்லை. விபத்து நேர்ந்து பணம் கேட்டால்தான் அது போகும். பிடிபட்டு, தண்டனையும் பெற்று, யாரையும் இடிக்காமல் தப்பியவரின் பாலிஸியில் அவர் குற்றத்தின் சுவடே இருப்பதில்லை!

இதைக் கண்டு, "அப்படியானால் குடிகாரனுக்கு இன்ஷ்யூரன்ஸே கொடுக்கலாகாது" என்று ஆத்திரப்படுகிறவர்களும் உண்டு. அவர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். மோட்டார் இன்ஷ்யூரன்ஸைச் சட்டம் கட்டாயமாக்கியது வண்டிக்காரரின் நன்மைக்காக அன்று. 1939-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த இவ்விதி, 1946 ஜூலை 1-ந் தேதிதான் அமலுக்கு வந்தது. சாலையில் நடந்துபோகும் ஏழை, இடித்தவனிடம் பணமில்லை என்ற காரணத்தால் நிர்க்கதியாய் நிற்கக்கூடாது என்பதே அதன் நோக்கம். காப்பித் தோட்டத்தில் வேலை முடித்துவிட்டுச் சாலையோரமாக ஊர் திரும்பும் மலையாளி இனத்துப் பெண்ணொருத்தியின்மீது கார் மோதினால், ஓட்டியவர் குடித்திருந்தாரா இல்லையா என்பது அவள் குடும்பத்தின் பசிக்குச் சம்பந்தமற்ற விஷயம். குடித்தவருக்குப் பாலிஸி மறுப்பதால் அவர் வண்டியை நிறுத்திவிடப் போவதில்லை; பாலிஸி இல்லாமலே ஓட்டுவார். அதற்குச் சட்டத்தில் முதல் முறை 2,000 ரூபாயும் மறுமுறை 4,000 ரூபாயும் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை என்று விதி இருக்கிறது. அந்த அபராதம் சர்க்கார் கஜானாவுக்குப் போகுமேயொழிய அடிபட்டவளுக்கு வராது. கம்பெனிகள் தட்டிக்கழித்த வர்த்தக வண்டிகளுக்காக 2012 முதல் 2016 வரை ஒரு பொதுக் கூட்டு நிதி நடத்திப் பார்த்ததும் இந்த நியாயத்தைக் கருதியேயாகும்.

ஆகவே நம் நாட்டில் குடித்து ஓட்டுவதன் விலை முன்கூட்டிப் பிரீமியமாக வருவதில்லை; விபத்துக்குப் பிறகு மொத்தமாக வருகிறது. அது எத்தகைய மொத்தம் என்பதைப் பலர் அறியார். முதலாவது, சொந்தக் காரின் சேதத்துக்குக் கம்பெனி காசு தராது. 2007 டிஸம்பரில் டில்லியில் இந்தியா கேட் அருகே விபத்துக்குள்ளாகித் தீப்பற்றிய ஒரு போர்ஷே கார் சம்பந்தமான வழக்கில், சுப்ரீம் கோர்ட் 2021 ஏப்ரலில் கம்பெனியின் பக்கம் தீர்ப்பளித்தது. இரத்தப் பரிசோதனை இல்லாவிட்டாலும், சுற்றுப்புறச் சாட்சியங்களைக் கொண்டே ஓட்டியவர் போதையில் இருந்தார் என்று முடிவு செய்யலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். இரண்டாவது, வண்டிச் சொந்தக்காரரே ஓட்டி இறந்துபோனால் அவர் குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடிய 15 லட்ச ரூபாய்த் தனிநபர் விபத்துப் பாதுகாப்பும், அவர் போதையில் இருந்திருந்தால் கிடைக்காது. விதவைக்குக் கணவரும் இல்லை, பணமும் இல்லை.

மூன்றாவதுதான் மிகக் கொடியது. அடிபட்டவருக்கு முதலில் கம்பெனி நஷ்ட ஈட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னர் அத்தொகையை வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்பது நியாயஸ்தலங்கள் கண்ட வழி. 2023-ல் கேரள ஹைகோர்ட்டும், 2024-ல் சென்னை ஹைகோர்ட்டும் போதையில் ஓட்டிய வழக்குகளில் இவ்வாறே கூறின. அடிபட்டவரைப் பொறுத்தவரை இது நல்ல நியாயம். சொந்தக்காரரைப் பொறுத்தவரை, சம்பாதிக்கும் வயதிலுள்ள ஒருவர் இறந்தால் விதிக்கப்படும் தொகை, ஒரு நடுத்தரக் குடும்பத்தின் வீட்டையும் நிலத்தையும் விழுங்கிவிடக் கூடியது. விபத்து நஷ்ட ஈட்டு டிரிபியூனல் விதித்த தொகையைக் கலெக்டர் மூலம் நிலவரிப் பாக்கிபோல் வசூலிக்கவும் சட்டம் இடங்கொடுக்கிறது.

இங்கே நம் மனத்தை உறுத்தும் விஷயம் ஒன்று இருக்கிறது. மேற்சொன்ன இரண்டு தீர்ப்புகளும், திருத்தம் வருவதற்கு முன் நேர்ந்த விபத்துக்களைப் பற்றியவை. 2019-ம் வருஷத் திருத்தச் சட்டத்தின் இன்ஷ்யூரன்ஸ் அத்தியாயம் 2022 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தபோது, கம்பெனிகள் தங்கள் பொறுப்பை மறுக்கக்கூடிய காரணங்களின் வரிசையில் குடித்து ஓட்டுவதும் புதிதாகச் சேர்க்கப்பட்டது. பழைய சட்டத்தில் அந்த வார்த்தை இல்லை. கம்பெனி வக்கீல்கள் இந்தப் புதிய வாசகத்தைக் கெட்டியாகப் பற்றிக்கொள்வார்கள் என்பதில் ஐயமில்லை. 'முதலில் கொடு, பிறகு வசூலி' என்ற முறை இனியும் நிலைக்குமானால் நல்லது. நிலைக்காவிட்டால், குடித்தவன் செய்த குற்றத்துக்குத் தண்டனை பெறுவது சாலையோரம் நடந்தவளின் குழந்தைகளாக முடியும். இந்த ஐயத்துக்கு இடமில்லாதபடி சட்டத்திலேயே ஒரு வரி சேர்க்கவேண்டியது பார்லிமெண்டின் கடமை. நம் பிரதிநிதிகளில் எத்தனை பேர் இதைக் கவனித்திருக்கிறார்களோ, அறியோம்.

முன்கூட்டியே விலை வைக்கும் யோசனை நம் நாட்டில் எழாமல் இல்லை. இன்ஷ்யூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் அமைத்த ஒரு குழு 2021 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. சாலை விதி மீறல்களுக்கெல்லாம் புள்ளி போட்டு, அப்புள்ளிகளுக்கு ஏற்பப் பிரீமியத்தைக் கூட்ட வேண்டும் என்பது அதன் சிபார்சு. தகாத இடத்தில் வண்டி நிறுத்தினால் 10 புள்ளி. குடித்து ஓட்டினால் 100 புள்ளி, அதாவது எல்லாவற்றிலும் அதிகம். முதலில் டில்லியில் நடத்திப் பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். யோசனை நல்லதே. ஆனால் அதில் ஒரு கோணல் உண்டு. புள்ளிகள் விழுவது ஓட்டியவர் தலையில் அன்று, வண்டிச் சொந்தக்காரர் தலையில். கடன் வாங்கி ஒரு டாக்ஸி வாங்கி, அதற்கு ஒரு டிரைவரை அமர்த்தியிருக்கும் சேலத்துக்காரர், டிரைவரின் குடிக்குத் தாம் அதிகப் பிரீமியம் கட்டவேண்டி வரும். டிரைவரோ வேறொரு முதலாளியிடம் போய்விடுவான். லைசென்ஸ் விவரங்களெல்லாம் இன்று சர்க்காரின் 'சாரதி' ஏட்டில் ஒன்றாகத் திரட்டப்பட்டிருக்கும்போது, குற்றத்தை லைசென்ஸோடு இணைப்பதில் பெரிய சிரமம் எதுவும் நமக்குத் தென்படவில்லை. கட்டாய இன்ஷ்யூரன்ஸை யாருக்கும் மறுக்காமல், சொந்தச் சேதப் பகுதியின் விலையை மட்டும் தண்டனை பெற்றவருக்குச் சில வருஷம் உயர்த்தி, ஒழுங்காக ஓட்டினால் மறுபடி இறக்குவதே பொருத்தமென்பது நமது அபிப்பிராயம்.

சேலம் ஜில்லாவில் இவ்விஷயத்தைப் பேசும்போது பழைய கதை ஒன்று ஞாபகத்துக்கு வராமல் இராது. 1937 அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜியின் மந்திரிசபை மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது இந்த ஜில்லாவில்தான். வருமானம் போகுமே என்று கூக்குரலிட்டவர்களுக்கு அவர் 1939-ல் விற்பனை வரியைக் காட்டினார். மதுவிலக்கு பின்னர் போயிற்று, வந்தது, 1971-ல் மறுபடி போயிற்று, மறுபடி வந்தது. 1983-ல் டாஸ்மாக் ஏற்பட்டது. 2003 நவம்பர் முதல் சில்லறைக் கடைகளையும் சர்க்காரே நடத்துகிறது. நெடுஞ்சாலையோரக் கடைகளை மூடும்படி சுப்ரீம் கோர்ட் 2016 டிஸம்பரில் உத்தரவிட்டதும் நமது ராஜ்யத்திலிருந்து போன வழக்கிலேயே. ஒரே சர்க்காரின் ஒரு கை குப்பியை விற்கிறது. மற்றொரு கை அபராதச் சீட்டை நீட்டுகிறது. இரண்டு வரவும் ஒரே கஜானாவுக்குத்தான். இன்ஷ்யூரன்ஸ் விகிதத்தைத் திருத்துவதால் மட்டும் இந்த விந்தை தீர்ந்துவிடும் என்று நாம் நம்பவில்லை.

இனி, தண்டனை பெற்றவர் செய்யவேண்டியது என்ன? லைசென்ஸ் நிறுத்தப்பட்ட காலத்தில் ஒரு பர்லாங்கு தூரமும் ஓட்டலாகாது. அந்தக் காலத்தில் நேரும் விபத்து, குடியில்லாவிட்டாலும், கம்பெனி கைகழுவப் போதுமான காரணமாகும். பாலிஸி காலாவதியாகும் முன்பே புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தில் பழைய குற்றத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். இன்று நூறு ரூபாய் மிச்சமாகுமென்று மறைத்தால், நாளை லட்சக் கணக்கில் நஷ்ட ஈடு கேட்கும்போது அந்தப் பொய்யையே கம்பெனி எடுத்து நீட்டும். ஏஜெண்டு தாமே தாளைப் பூர்த்தி செய்து கையெழுத்து மட்டும் வாங்குவது நம் ஊர் வழக்கம். படித்துப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம். மலைமேல் குடித்தே தீரவேண்டுமென்று நினைப்பவர், அன்றிரவு மலையிலேயே தங்கலாம். இல்லையேல், குடிக்காத டிரைவர் ஒருவரைக் கூலி கொடுத்து அமர்த்திக்கொண்டு காரின் பின் ஆசனத்தில் உட்கார்ந்து இறங்கலாம்.