மூளையும் குருதியோட்டமும்

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோகிராம். அஃது உடல் எடையில் 2 விழுக்காடே. ஆயினும், உடல் பயன்படுத்தும் உயிர்வளியில் ஏறத்தாழ 20 விழுக்காடு மூளைக்கே செலவாகிறது. உயிர்வளியைச் சேமித்து வைக்க மூளையால் இயலாது. ஆகவே, அங்குக் குருதி இடையறாது பாய்தல் வேண்டும்.

கழுத்தின் வழியாக நான்கு தமனிகள் மூளைக்குக் குருதியைக் கொண்டு செல்கின்றன. அவை மூளையின் அடிப்பகுதியில் வளையம்போல் இணைகின்றன. இவ்வளையத்தை இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். ஒரு தமனியில் குருதி குறைந்தால், மற்றொன்றின் குருதி இவ்வளையத்தின் வழியே வந்து உதவக்கூடும்.

மூளையின் குருதிக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் உண்டாகிறது. அடைப்பினால் வருவதே மிகுதி. அடைப்பு நேர்ந்ததும், குருதி முற்றிலும் நின்ற பகுதியின் நரம்பணுக்கள் சில நிமிடங்களில் மடியத் தொடங்குகின்றன. அதனைச் சூழ்ந்த பகுதியோ செயலிழந்தாலும் சிறிது காலம் உயிரோடிருக்கும். வாய்க்கால் அடைபட்ட வயலுக்கு அண்டை வயலின் நீர் கசிந்து வருவதுபோல, அருகிலுள்ள சிறு குழாய்கள் அதற்குச் சிறிதளவு குருதி தருகின்றன. இப்பகுதியைக் காப்பதே மருத்துவத்தின் முதல் நோக்கம். அடைப்பைக் கரைக்கும் மருந்து பொதுவாக 4.5 மணி நேரத்திற்குள் செலுத்தப்படுகிறது. குருதிக்கசிவு இருப்பின் அம்மருந்து தீங்கு செய்யும். எனவே, முதலில் மூளையை ஸ்கேன் செய்து பார்ப்பர்.

சில நாள்களில் உடல் தானே சீரமைப்பைத் தொடங்குகிறது. பாதிக்கப்பட்ட பகுதியின் ஓரங்களில், பழைய குழாய்களிலிருந்து புதிய நுண்குழாய்கள் கிளைக்கின்றன. மடிந்த நரம்பணுக்கள் மீள்வதில்லை. ஆனால், பிழைத்தவை புதிய இணைப்புகளை உண்டாக்கி, இழந்த பணிகளுட் சிலவற்றை ஏற்கின்றன. இதற்கு நடைப்பயிற்சியும் பேச்சுப்பயிற்சியும் பல மாதங்கள் துணைபுரிகின்றன.

முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியன பக்கவாதத்தின் அறிகுறிகள். பெரும்பாலும் வலி இராது. அதனால், ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று எண்ணிப் பலர் காலம் தாழ்த்துகின்றனர். வீட்டில் எவரிடமேனும் இவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினால், சிறுவராயினும் உடனே 112 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். உண்ணவோ பருகவோ எதுவும் கொடுத்தல் கூடாது. அறிகுறி தோன்றிய நேரத்தைக் குறித்து வைத்து மருத்துவரிடம் கூறுதல் நன்று.

சொற்பொருள்
குருதி – இரத்தம்
உயிர்வளி – ஆக்சிஜன்
தமனி – இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்லும் குழாய்
இடையறாது – இடைவிடாமல்

வினாக்கள்
1. மூளைக்குக் குருதி இடையறாது பாய வேண்டுவது ஏன்?
2. வயல் உவமை எதனை விளக்குகிறது?
3. அறிகுறி தோன்றிய நேரம் மருத்துவருக்கு ஏன் தேவைப்படுகிறது?