கேட்டால் பிறக்கும் கோப்பு

லினக்ஸ் ஓடும் மடிக்கணினியில் ‘சிஸ்’ என்றொரு அடைவு உண்டு. அதில் உள்ள கோப்புகள் எதுவும் வட்டில் இல்லை. செயலியின் வெப்பத்தைச் சொல்லும் கோப்பைத் திறந்தால் 42000 என்று ஒற்றை எண் வரும். டிகிரியை ஆயிரம் கூறாக்கிச் சொல்வது அங்கே வழக்கம்; ஆக, 42 டிகிரி செல்சியஸ். அளவு 4096 பைட் என்று பட்டியல் காட்டினாலும் கையில் கிடைப்பது 6 பைட்தான்: ஐந்து இலக்கங்கள், ஒரு வரிமுடிவுக் குறி.

சி நிரலில் இதை வாங்க ஓபன், ரீட், குளோஸ் என்ற மூன்று அழைப்புகள் போதும். ரீட் அழைத்ததும் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு அலுக்காத விஷயம். வெப்ப உணரி செயலியின் சிலிக்கானுக்குள்ளேயே இருக்கிறது. அதன் பதிவகத்தைச் சாதாரண நிரல் தொட முயன்றால் செயலி மறுத்துவிடும். நிரலும் அங்கேயே நின்றுபோகும். அந்த உரிமை லினக்ஸின் மையமான கர்னலுக்கு மட்டுமே. எனவே கட்டுப்பாடு கர்னலுக்குக் கைமாறுகிறது. கோப்பு யாருடையது என்று பார்த்து, அதற்குரிய டிரைவரின் செயற்கூற்றை அது இயக்குகிறது.

இன்டெல் செயலியில் அந்த டிரைவருக்குக் கிடைப்பது வெப்பநிலையே அல்ல. உச்சவரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி மிச்சம் என்பதையே உணரி சொல்கிறது. வரம்பு 100, மிச்சம் 58 என்றால், டிரைவர் கழித்து, ஆயிரத்தால் பெருக்கி, எழுத்துகளாக்கித் தருகிறது. செயலியைக் காப்பதற்கென்றே வைத்த உணரி இது. வரம்பை நெருங்கும்போதுதான் அதன் துல்லியம் கூடும்; குளிர்ந்திருக்கும்போது காட்டும் எண்ணை அவ்வளவு நம்ப வேண்டாம்.

வந்தது எழுத்துச் சரம், அதுவும் முடிவைக் குறிக்கும் சுழிய பைட் இல்லாதது. ரீட் திருப்பித் தந்த எண்ணிக்கையைப் பார்த்து, அந்த இடத்தில் நாமே சுழிய பைட்டை வைத்த பிறகுதான் எண்ணாக மாற்ற வேண்டும். அதே கோப்பில் மறுபடி ரீட் அழைத்தால் 0 வரும். கோப்பு முடிந்துவிட்டது என்று பொருள். தொடக்கத்துக்குத் திரும்பி வந்து படித்தால்தான் டிரைவர் மீண்டும் அழைக்கப்படும்.

2003 டிசம்பரில் வெளியான 2.6 கர்னலோடு வந்த ஏற்பாடு இது. விசிறியின் வேகமும் மின்னழுத்தமும் பேட்டரியின் நிலையும் இதே மூன்று அழைப்புகளில் கிடைக்கின்றன. ‘சிஸ்’ அடைவுக்குள் உணரிகளுக்கென உள்ள அடைவுகளின் வரிசை எண் மட்டும் கணினியை மறுபடி இயக்கும்போது மாறக்கூடும். நிரலில் எண்ணை எழுதி வைக்காமல், ஒவ்வோர் அடைவிலும் உள்ள ‘நேம்’ கோப்பை முதலில் படியுங்கள்.