பாட்டியின் பிறந்தநாளும் 450 என்ற எண்ணும்

"டீச்சர், இதில் சீனி இல்லை என்று போட்டிருக்கிறது. பாட்டி சாப்பிடலாமா?"

படிவம் நான்கு மாணவி ஒருத்தி, உடனடி புட்டிங் மாவுப் பெட்டி ஒன்றை என் மேசைமேல் வைத்தாள். இனிப்பு நீரால் அவள் பாட்டிக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். சனிக்கிழமை அவருக்குப் பிறந்தநாள்.

இங்கே சீனியை மட்டும் பார்த்தால் போதாது. சோடியம், பொட்டாசியம், பாஸ்பரஸ் மூன்றையும் பார்க்க வேண்டும். நலமான சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, மிகுதியான உப்புகளைச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. அந்த வேலை நின்றால் பாஸ்பரஸ் ரத்தத்தில் தேங்கும். எலும்பு கால்சியத்தை இழக்கும். ரத்தக் குழாய்ச் சுவர்களில் கால்சியம் படியும். டயாலிசிஸ் இயந்திரத்தாலும் பாஸ்பரஸை முழுமையாக அகற்ற முடியாது.

சரி, பெட்டியைத் திருப்புங்கள். ஊட்டச்சத்து அட்டவணையில் சக்தி, புரதம், கொழுப்பு, சீனி எல்லாம் இருக்கும். பாஸ்பரஸ் பெரும்பாலும் இருக்காது. அதனால் அளவு பூஜ்யம் என்று எண்ணிவிடாதீர்கள். பொடி எழுத்தில் உள்ள உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். 338 முதல் 343 வரையிலான எண்களும் 450, 451, 452 ஆகியவையும் பாஸ்பேட் வகைகள். 340 என்றால் பொட்டாசியம் பாஸ்பேட். சிறுநீரக நோயாளிக்கு இரட்டைச் சுமை!

மாணவியின் பெட்டியில் 339, 450 இரண்டும் இருந்தன. குளிர்ந்த பாலை ஊற்றிக் கலக்கினால் அடுப்பே இல்லாமல் புட்டிங் கெட்டியாகிறதல்லவா? மாவுப்பொருளோடு சேர்ந்து இந்தப் பாஸ்பேட்டுகளும் பாலை உறைய வைக்கின்றன. கேக்கில் 450க்கு வேறு வேலை. சமையல் சோடாவோடு வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிட்டு, மாவை உப்ப வைக்கும்.

பருப்பிலும் பாஸ்பரஸ் உண்டே என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. ஆனால் அங்கே அது பெரும்பாலும் பைட்டேட் என்ற சேர்மத்தில் கட்டுண்டு கிடப்பதால், குடல் பாதிக்கும் குறைவாகவே ஈர்க்கிறது. சேர்க்கைப் பொருளாக வரும் பாஸ்பேட்டிலோ சுமார் 90 விழுக்காடு ரத்தத்துக்குப் போய்விடும்.

சில உறைகளில் எண்ணே இருக்காது. 'டிபெனார்கான்', அதாவது அனுமதிக்கப்பட்டது என்று மட்டும் இருக்கும். அந்த அனுமதி பொதுமக்களுக்கானது. பாட்டியின் சிறுநீரகத்தைப் பார்த்துக் கொடுத்ததல்ல. அப்படிப்பட்ட பெட்டியை நான் அலமாரியிலேயே விட்டுவிடுவேன்.

இறுதியில், பாண்டான் இலை போட்டு வீட்டிலேயே அகார் அகார் செய்யலாம் என்று முடிவானது. தேங்காய்ப் பால் வேண்டாம். அதில் பொட்டாசியம் அதிகம். சீனியும் குறைவாகத்தான். இன்னொன்றையும் சொன்னேன்: ஒரு கிண்ணம் அகார் அகார் ஏறக்குறைய ஒரு கிண்ணம் நீர்தான். டயாலிசிஸ் செய்பவர்களுக்கு நீரும் அளவோடுதான்.

மாணவி டயாலிசிஸ் மையத்து உணவியல் நிபுணரிடம் கேட்டாள். இரண்டு சிறு துண்டு சாப்பிடலாம், அன்று மாலைத் தேநீரைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றாராம்.