உங்களுக்குத் தெரியுமா? டெஸ்டோஸ்டிரோனை அளக்க டெஸ்டோஸ்டிரோன்!

ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு என்று ஆய்வகம் தரும் எண்ணை எதை வைத்து நம்புவது? தூய்மையும் அளவும் உறுதிசெய்யப்பட்ட அதே டெஸ்டோஸ்டிரோனைக் கருவியில் ஓட்டிப் பார்த்துத்தான்.

பார்ப்பதற்கு வெறும் வெள்ளைத் தூள். சுமார் 155 டிகிரி செல்சியஸில் உருகும். தண்ணீரில் கரைய மறுக்கும். மெத்தனாலில் எளிதாகக் கரையும். அதனால் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் கணக்கில் கரைத்து, கண்ணாடி ஆம்பூலில் அடைத்து விற்கிறார்கள்.

இதைவிடச் சாமர்த்தியமான வடிவம் ஒன்று உண்டு. மூலக்கூறில் மூன்று ஹைட்ரஜனை எடுத்துவிட்டு, அதன் கனமான வடிவமான டியூட்டீரியத்தைப் பொருத்துவார்கள். மூலக்கூறு எடை 288-லிருந்து 291 ஆகும். (கதிர்வீச்சு கிடையாது, மிரள வேண்டாம்!) ரத்த மாதிரியில் இதைத் தெரிந்த அளவில் கலந்துவிட்டால், பிரித்தெடுக்கும்போது அசல் எந்த விகிதத்தில் வீணாகிறதோ அதே விகிதத்தில் இதுவும் வீணாகும். கடைசியில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இரண்டையும் எடையால் அடையாளம் கண்டு ஒப்பிடும். வழியில் போன நஷ்டம் கணக்கில் நேராகிவிடும். விளையாட்டு வீரர்களின் சிறுநீரில் ஊக்கமருந்து தேடும் ஆய்வகங்களும் இந்த உத்தியை நம்பித்தான் இருக்கின்றன.

ஆம்பூல் சிறிசுதானே என்று அலட்சியம் கூடாது. டெஸ்டோஸ்டிரோன் தோல் வழியே உடலுக்குள் போகும். கருவைப் பாதிக்கும் என்பதால் கர்ப்பிணிகள் தொடவே கூடாது. மெத்தனாலோ விஷம், சட்டென்று தீயும் பற்றும். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, ஆவியை உறிஞ்சும் ஃபியூம் ஹூட் மூன்றும் கட்டாயம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு ஆம்பூலை உடைக்கவும் கூடாது. குளிரில் திரவம் சுருங்கியிருக்கும். பிப்பெட்டில் எடுக்கும் அளவு பிசகிவிடும்.