விளையாடப் போகலாமா?
உள்ளரங்க விளையாட்டு மையங்களும் நம் சிறு பிள்ளைகளும்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய நடுவழியில் அமைந்துள்ளது கண்டமங்கலம். 1879-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ரயில் பாதையும் இவ்வூர் வழியாகவே புதுச்சேரியை அடைகிறது. கரும்பும் நெல்லும் விளையும் இவ்வொன்றியத்தின் சிற்றூர்களிலிருந்து மருத்துவத்துக்காகக் கிழக்கு நோக்கிப் பயணம் செய்யும் குடும்பங்கள் பல. அண்மைக் காலமாக அதே வழியில் இன்னொரு பயணமும் பழக்கமாகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நகரத்துப் பேரங்காடிகளில் உள்ள உள்ளரங்க விளையாட்டு மையங்களுக்குச் செல்லும் பயணம் அது.

இவ்விரு பயணங்களும் ஒரே வீட்டில் சந்திக்கும்போது எழும் கேள்வியைப் பற்றியதே இக்கட்டுரை.

சில மாதங்களுக்கு முன் கண்டமங்கலம் பகுதியிலிருந்து ஒரு தாய் புறநோயாளிப் பிரிவுக்கு வந்திருந்தார். ஆறு வயது மகளுக்கு நெஃப்ரோடிக் சிண்ட்ரோம். சிறுநீரில் புரதம் கசிந்து முகமும் காலும் வீங்கும் சிறுநீரகக் கோளாறு அது. நோய் மறுபடி தலைகாட்டியதால் ஸ்டீராய்டு மாத்திரை மீண்டும் தொடங்கப்பட்டிருந்தது. நாள்தோறும் காலையில் சிறுநீரைச் சோதித்து, முடிவை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதிவருகிறார் அந்தத் தாய். பரிசோதனை முடிந்து எழுந்தவர் வாசல்வரை சென்று திரும்பி வந்தார்.

“சிஸ்டர், வர்ற ஞாயிறு என் நாத்தனார் பையனுக்குப் பிறந்தநாள். புதுச்சேரியில பந்து நிரப்பி வச்சிருக்கிற விளையாட்டு இடத்துல கொண்டாடறாங்க. சின்னவன் போகணும்னு அழறான். இவளை விட்டுட்டு அவனை மட்டும் எப்படிக் கூட்டிப் போறது?”

மருந்துச் சீட்டில் இக்கேள்விக்கு இடமில்லை. ஆயினும் நீண்ட நாள் நோயுடன் வாழும் குழந்தை உள்ள வீடுகளில் அன்றாடம் எழும் கேள்வி இதுவே.

விளையாட்டு வீண்பொழுது அன்று

“உடம்பு சரியில்லாத பிள்ளைக்கு விளையாட்டு ஒரு கேடா?” என்று உறவினர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அக்கருத்து பொருந்தாது. குழந்தை வளர்வதே விளையாட்டின் வழியாகத்தான் என்பதைத் தமிழர் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையின் பருவங்களை எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் மாதத்தில் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டும் சப்பாணி, ஓராண்டு நிறைந்தபின் தளர்நடையிட்டு வரும் வருகை, அதன்பின் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என அவை வரிசைப்படுகின்றன. இன்று குழந்தை மருத்துவர் வளர்ச்சி அட்டவணையில் குறிப்பவற்றுள் பலவற்றை நம் புலவர்கள் விளையாட்டுகளாகவே பாடிவைத்தனர்.

உலக நலவாழ்வு அமைப்பு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் உடலசைவில் ஈடுபட வேண்டும். மூன்று, நான்கு வயதினருக்கு அதில் 60 நிமிடங்களாவது மூச்சு வாங்கும் அளவு ஓட்டமும் குதிப்பும் தேவை. ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு விளையாட்டைக் குழந்தையின் உரிமையாகவே கூறுகிறது. இந்தியா 1992-இல் அதில் இணைந்தது. நோயுற்ற குழந்தைக்கும் அந்த உரிமை உண்டு.

ஆகவே “போகலாமா, கூடாதா” என்பதோடு நின்றுவிடாமல், “எப்போது, எப்படி, எந்த விளையாட்டு” என்று கேட்பதே பயன் தரும்.

பந்துக் குளத்தில் என்ன இருக்கிறது?

வண்ண வண்ணப் பந்துகள் நிறைந்த குளம், நெகிழிச் சறுக்குமரம், மெத்தைப் படிகள், டிராம்போலின் ஆகியன இம்மையங்களில் பொதுவாகக் காணப்படும். பந்துக் குளத்தின் வரலாறு ஐம்பது ஆண்டுகள் அளவே ஆனது. எரிக் மெக்மில்லன் என்னும் வடிவமைப்பாளர் 1976-இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் அமைத்ததே இவற்றின் முன்னோடியாகக் கருதப்படுகிறது.

குளத்து நீரை மாற்றலாம். பந்துகளையோ ஒவ்வொன்றாகத் துடைக்க வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவக் கூடங்களில் இருந்த ஆறு பந்துக் குளங்களை ஆராய்ந்து 2019-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவற்றில் 31 வகை பாக்டீரியாக்களும் ஒருவகை ஈஸ்ட்டும் காணப்பட்டன. நலமான உடலைப் பெரிதும் தொல்லைப்படுத்தாமல், எதிர்ப்பாற்றல் குறைந்தவரைத் தாக்கும் கிருமிகளும் அவற்றுள் இருந்தன. கூடத்துக்குக் கூடம் கிருமிகளின் அளவு பெரிதும் வேறுபட்டது. எவ்வளவு அடிக்கடி தூய்மை செய்கிறார்கள் என்பதே வேறுபாட்டுக்குக் காரணமாகலாம் என ஆய்வாளர் கருதினர். எனவே நுழைவுக் கட்டணம் செலுத்துமுன், “பந்துகளை எப்போது கடைசியாகக் கழுவினீர்கள்?” என்று கேட்கத் தயங்காதீர்கள். முறையாக நடத்துவோர் தெளிவாகவே விடை கூறுவர்.

கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி

அந்தத் தாயின் மகளைப் பொறுத்தவரை பந்துகளைவிடப் பக்கத்தில் விளையாடும் பிள்ளைகளே கவலைக்குரியவர்கள். சின்னம்மை கண்ட குழந்தை, உடலில் கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே அதைப் பரப்பத் தொடங்கிவிடும். நலமாகத் தோன்றும் பிள்ளையிடமிருந்தே அது தொற்றக்கூடும் என்பதால், பெற்றோர் எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் கண்டுகொள்ள இயலாது. மற்றக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் எளிதில் ஆறிவிடும் சின்னம்மை, அதிக அளவில் ஸ்டீராய்டு உட்கொள்ளும் குழந்தைக்கும் புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ள குழந்தைக்கும் உயிருக்கே இடராக மாறலாம். அன்றியும், சாதாரணச் சளி காய்ச்சல்கூட நெஃப்ரோடிக் நோயை மறுபடி கிளப்பிவிடுவது உண்டு.

இங்கே ஒன்றை வேண்டிக் கேட்டுக்கொள்கிறோம். “அம்மை போட்டிருக்கிறது” என்பதை வெளியே சொல்லாமல் வேப்பிலை கட்டி வீட்டோடு வைத்திருப்பது நம் ஊர் வழக்கம். அந்த நம்பிக்கையை மதிக்கிறோம். ஆனால் உங்கள் பிள்ளையோடு அண்மையில் விளையாடிய குழந்தைகளின் வீடுகளுக்கு மட்டும் மறைக்காமல் செய்தி அனுப்பிவிடுங்கள். எதிர்ப்பாற்றல் குறைந்த குழந்தை அம்மை கண்டவரோடு பழகிவிட்டது எனத் தெரிந்தால், கொப்புளம் வரட்டும் எனக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் கூறுங்கள். தொடக்கத்திலேயே அளிக்கக்கூடிய பாதுகாப்பு மருந்துகள் உள்ளன. நாள் கடந்தால் அவற்றின் பயன் குறையும்.

வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளின் தடுப்பூசிகள் நிலுவையின்றி இருப்பது நோயுற்ற குழந்தைக்கும் ஒரு வேலியாகும். அரசின் வழக்கமான அட்டவணையில் சின்னம்மைத் தடுப்பூசி இல்லை. உடன்பிறந்தோருக்கு அது தேவையா என மருத்துவரிடம் கேளுங்கள். நோயுற்ற குழந்தைக்கு மட்டும் மருத்துவரைக் கேளாமல் எந்த ஊசியும் போட வேண்டா.

புறப்படுமுன்

மருத்துவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இப்போதைய மருந்தளவில் கூட்டமான இடம் தகுமா? தகாதெனில் எப்போது தகும்? எந்த விளையாட்டைத் தவிர்க்க வேண்டும்? “எப்போது” என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். “கூடாது” என்ற சொல்லோடு வீடு திரும்பும் குழந்தைக்கும் “அடுத்த மாதம்” என்ற சொல்லோடு திரும்பும் குழந்தைக்கும் இடையே மிகுந்த வேறுபாடு உண்டு.

விடுமுறை நாளின் மாலையைவிட வேலைநாளின் முற்பகலில் கூட்டம் குறைவாக இருக்கும். உங்கள் பிள்ளைக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கொப்புளமோ ஆறாத புண்ணோ இருந்தால் பயணத்தை ஒத்திவையுங்கள். அது மற்றவர் பிள்ளைக்கு நாம் செய்யும் கடமை.

அங்கே சென்றபின்

பிள்ளைக்குக் காலுறை அணிவியுங்கள். சங்கிலி, ஊக்கு, கயிறு, துப்பட்டா போன்றவற்றைக் கழற்றிவிடுங்கள்; அவை வலையில் சிக்கிக் கழுத்தை இறுக்கக்கூடும். சிறு குழந்தைகளுக்கென ஒதுக்கிய பகுதியிலேயே சிறியவர்களை விடுங்கள்.

சறுக்குமரத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்காதீர்கள். பாதுகாப்பு எனத் தோன்றும் இச்செயலில்தான், குழந்தையின் பாதம் பக்கச் சுவரில் சிக்க, பெரியவரின் எடை சேர்ந்து கீழ்நோக்கி இழுக்கக் கால் எலும்பு முறிகிறது. தனியே சறுக்க இயலாத பிள்ளைக்கு அந்தச் சறுக்குமரம் இன்னும் உரியதன்று எனக் கொள்க.

ஆறு வயதுக்குக் குறைந்தோர் டிராம்போலினில் குதிக்கலாகாது என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அறிவுறுத்துகிறது. பலர் ஒரே நேரத்தில் குதிக்கும்போதே காயங்கள் மிகுதியாக நேர்கின்றன. அடிபடுவோர் பெரும்பாலும் அவர்களுள் சிறியவரே. நீண்ட நாள் ஸ்டீராய்டு உட்கொள்ளும் பிள்ளைகளின் எலும்பு வலுக்குறைந்திருக்கலாம் என்பதால் அவர்களுக்கு இது இன்னும் பொருந்தாது.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் காக்ளியர் இம்ப்ளாண்ட் பொருத்தப்பெற்ற குழந்தைகள் தமிழகத்தில் பலர் உள்ளனர். நெகிழிச் சறுக்குமரத்தில் உராயும்போது உண்டாகும் நிலைமின்சாரம் கருவியின் அமைப்புகளைப் பாதிக்கக்கூடும் என்பதால், வெளிப்புறக் கருவியைக் கழற்றிவைத்துவிட்டுச் சறுக்கச் சொல்வது வழக்கம். உங்கள் கருவிக்கு இது தேவையா எனக் கேட்டறியுங்கள். கழற்றியபின் உங்கள் குரல் குழந்தைக்குக் கேளாது. ஆகவே அதன் கண்ணெதிரிலேயே நில்லுங்கள்.

விளையாடி முடித்ததும், எதையும் உண்ணக் கொடுக்குமுன், சோப்பும் நீரும் கொண்டு 20 நொடிகள் கை கழுவச் செய்யுங்கள். கை, கால், வாய்ப் புண் நோயையும் சிலவகை வாந்திபேதியையும் உண்டாக்கும் வைரஸ்களைக் கைத்திரவம் முழுமையாக நீக்குவதில்லை.

கீழே விழுந்து தலையில் அடிபட்ட பிள்ளை மயங்கினாலோ, மீண்டும் மீண்டும் வாந்தியெடுத்தாலோ, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலோ, வலிப்பு கண்டாலோ, மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ நீர் வடிந்தாலோ தாமதியாது 108-ஐ அழையுங்கள்.

வெளியே காற்று உண்டு

உள்ளரங்கம் தகாத நாளில் திறந்தவெளி பெரும்பாலும் தகும். காற்றோட்டமான இடத்தில் தொற்று எளிதில் பரவுவதில்லை. 1826-இல் தோற்றுவிக்கப்பட்ட புதுச்சேரித் தாவரவியல் பூங்காவில் காலை வேளையில் கூட்டம் குறைவு. கடற்கரைச் சாலையில் மாலை நேரத்தில் வாகனங்கள் விடப்படுவதில்லை. அவ்வளவு தொலைவு செல்ல இயலாதவர்க்கு வீட்டுத் தாழ்வாரத்தில் கட்டிய ஒரு சேலை ஊஞ்சல் போதும்; கீழே விரிப்பும், அருகில் ஒரு பெரியவரும் இருக்கட்டும்.

அந்தத் தாய்க்கு மருத்துவர் கூறிய விடை இதுதான்: மகனைத் தந்தை அழைத்துச் செல்லட்டும், திரும்பியதும் குளித்து உடை மாற்றட்டும். மகள் இம்முறை வேண்டா. மாத்திரையின் அளவு குறைந்து, சிறுநீரில் புரதம் இல்லாத நாள்கள் நிலைத்தபின் அவளும் போகலாம். டிராம்போலின் மட்டும் கூடாது. தம்பி போன அந்த மாலையில் அவளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சிறுமி ஒன்றே ஒன்று கேட்டாள்: “அதுக்குள்ள என் முகம் பழையபடி ஆயிடுமா?” மருந்தால் உப்பிய கன்னத்தைப் பிற பிள்ளைகள் பார்ப்பார்களே என்பதுதான் அவள் கவலை. மருந்தளவு குறையக் குறைய அதுவும் குறையும் என்று மருத்துவர் அவளிடமே நேராக எடுத்துரைத்தார். பிள்ளையின் கேள்விக்குப் பிள்ளையிடமே விடை கூறுவது நல்லது.

சில வாரங்களுக்குப்பின் அவர்கள் மறுபரிசோதனைக்கு வந்தபோது நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினோம். வரிசையாக “புரதம் இல்லை” என்ற குறிப்புகள். ஒரு புதன்கிழமைக்கு நேரே மட்டும் தாய் கூடுதலாக ஒரு சொல் எழுதியிருந்தார்: “புரதம் இல்லை. விளையாடினாள்.”

உங்கள் குறிப்புகளிலும் அச்சொல் இடம்பெறட்டும். அடுத்த முறை வரும்போது, மருந்தைப் பற்றிக் கேட்பது போலவே விளையாட்டைப் பற்றியும் தயங்காமல் கேளுங்கள்.