கல்மரமும் இன்டர்நெட்டும் ஒரே பொருள், தெரியுமா?

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறதே கல்மரம், அது எதனால் ஆனது தெரியுமா? சிலிக்கா! ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கமெல்லாம் கடல். அதில் புதைந்த மரத்தின் நாருக்குள் சிலிக்கா புகுந்து புகுந்து முழு மரத்தையும் கல்லாக்கிவிட்டது. அதே சிலிக்காவைத் துளி அழுக்கில்லாமல் சுத்தம் செய்து, உருக்கி, நூலாக இழுத்தால் கிடைப்பதுதான் இன்டர்நெட் கொண்டுவரும் ஃபைபர்! அதே மாவட்டத்து எறையூருக்கு இனி வரவேண்டிய பெரிய பாதை அதுதான். பெரம்பலூர் நகரத்துக்கே இன்னும் ரயில் வரவில்லை. ஆனால் ஒளி வர தண்டவாளம் எதற்கு?

அந்த இழையின் கனம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதற்குள்ளும் ஒளி ஓடுகிற நடுப்பகுதி வெறும் 9 மைக்ரான்! கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும். எறையூரிலிருந்து சென்னைக்கு ஒரு நொடியை 500 பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. கண் இமைப்பதற்குள் பல தடவை போய்த் திரும்பிவிடலாம்.

இந்தத் துறைக்கு வித்திட்டவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர் என்பது தெரியுமா? பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. 1954இல் லண்டனில் இழைக்கற்றை வழியே படத்தை அனுப்பிக் காட்டினார். ஆனால் அன்றைய கண்ணாடி கொஞ்ச தூரத்திலேயே ஒளியை விழுங்கிவிடும். 1966இல் சார்லஸ் காவ் என்பவர், ஒரு கிலோமீட்டர் தாண்டி 1 சதவீத ஒளி மிஞ்சினாலே தொலைபேசிக்குப் போதும், கண்ணாடியைச் சுத்தப்படுத்தினால் அது நடக்கும் என்றார். 2009இல் அவருக்கு நோபல் பரிசு. இன்றைய இழையில் மிஞ்சுவது 90 சதவீதத்துக்கும் மேல்!

சரி, நம்மூர்க் கணக்குக்கு வருவோம். பாரத்நெட் திட்டத்தில், டான்ஃபிநெட் என்கிற தமிழ்நாடு அரசு நிறுவனத்தின் வழியாக, மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் 1 ஜிபிபிஎஸ் இணைப்பு என்பது இலக்கு. பெரம்பலூர் மாவட்டத்தில் மட்டும் 121 ஊராட்சிகள். இவ்வளவு கேபிளுக்கும் பள்ளம் தோண்டினால் கட்டுப்படியாகுமா? பெரும்பகுதியை மின்கம்பத்திலேயே கட்டி இழுத்துவிட்டார்கள்! கரண்ட் கம்பிக்குப் பக்கத்திலா என்று பதற வேண்டாம், கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. உள்ளே செம்பும் கிடையாது. அறுத்துக்கொண்டு போனால் எடைக்குக்கூடப் போட முடியாது, ஊருக்குத்தான் நெட் நின்றுபோகும்.

விலை எப்படிக் குறைகிறது தெரியுமா? எனக்கு எல்லாவற்றையும்விட ஆச்சரியமானது இதுதான். ஒரே இழையில் வரும் ஒளியை ‘ஸ்ப்ளிட்டர்’ என்ற சின்னப் பெட்டி 64 வீடு வரைக்கும் பிரித்துக் கொடுக்கிறது. அந்தப் பெட்டிக்குக் கரண்டே வேண்டாம்! பரவலாக இருக்கும் ஜிபான் முறையில் ஒரு இழைக்கு 2.5 ஜிபிபிஎஸ். 64 வீடும் ஒரே நேரத்தில் முழு மூச்சாக இழுத்தாலும் வீட்டுக்கு 38 எம்பிபிஎஸ் கிடைக்கும். ஊரே ஒன்றாக இழுப்பது எப்போதாவதுதான். கேரள அரசின் கே-ஃபோன் 2023இல் 20 எம்பிபிஎஸ் இணைப்பை மாதம் 299 ரூபாய்க்கு அறிவித்தது. கரும்பும் மக்காச்சோளமும் போடுகிற நம் குடும்பங்களுக்கும் அந்த விலைதான் நியாயம். சர்க்கரை ஆலையும் சிப்காட் தொழிற்பூங்காவும் இருக்கிற எறையூரில் ஆலைக்கு ஒரு வேகம், அங்கே வேலை செய்கிறவரின் பிள்ளைக்கு ஒரு வேகம் என்று இருக்கக்கூடாது.

இங்கிலாந்தின் லங்காஷயர் பக்கம் பெரிய நிறுவனங்கள் கிராமங்களுக்கு வரத் தயங்கியபோது என்ன நடந்தது தெரியுமா? 2011இல் ஊர்க்காரர்களே ‘பிராட்பேண்ட் ஃபார் த ரூரல் நார்த்’ என்று ஒரு நிறுவனம் தொடங்கி, விவசாயிகள் தங்கள் நிலத்தில் தாங்களே குழி வெட்டி, வீட்டுக்கு 1 ஜிபிபிஎஸ் கொண்டுவந்துவிட்டார்கள்!

இணைப்பு வந்த பிறகு, மோடத்தில் ‘லாஸ்’ லைட் சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். கேபிள்காரர் வந்து வேலை பார்க்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். மேலுறையை உரித்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் இழையைத் துடைத்து, முனையை நேராக வெட்டி, இரண்டு முனைகளையும் ஸ்ப்ளைசிங் மெஷினில் எதிரெதிராக வைப்பார். திரையில் இரண்டும் பெரிதாகத் தெரியும், மெஷினே நேர்படுத்திக்கொள்ளும். சட்டென்று ஒரு மின்பொறி! இரண்டு கண்ணாடியும் உருகி ஒன்றாகிவிடும். மேலே ஒரு ஸ்லீவைச் சூடேற்றிப் பொருத்தினால் ஜாயிண்ட் ரெடி. ஆனால் அறுந்த முனைக்குள் எட்டிப் பார்க்க மட்டும் கூடாது! அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, விழித்திரைக்கு ஆபத்து.

இன்னொன்று. வீட்டில் கரண்ட் போனாலும் இழையில் ஒளி வந்துகொண்டே இருக்கும், அணைவது வீட்டு மோடம்தான். பெரும்பாலான மோடங்களுக்கு 12 வோல்ட் போதும் என்பதால் உள்ளங்கை அளவு மினி யுபிஎஸ் மாட்டினால் சில மணி நேரம் ஓடும்.

ஊராட்சிக்கு வரும் 1 ஜிபிபிஎஸ் தெருவுக்கு எப்போது வரும், யார் இணைப்புக் கொடுக்கிறார்கள், மாத வாடகை எவ்வளவு? இதைக் கேட்க நல்ல இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு 6 தடவை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள்!